படுக்கைக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட்: ஒரு ரயில்வேக்காரனின் கருத்து



சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, நம் உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சென்ற வருடம் ஒரு பழைய வேனை வாங்கி, பின்பக்கம் இருக்கைகளைக் கழற்றிவிட்டு இரண்டு கட்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். "சார், கட்டில் பக்கத்துல ரெண்டு பிளக் பாயிண்ட் போடணும். இன்வெர்ட்டர் வண்டியிலேயே இருக்கு. நல்ல வயர்மேன் ஒருத்தரைச் சொல்லுங்க" என்றார்.

கேட்டதில் தவறு ஒன்றுமில்லை. நம்மவர்களுக்கு ஊருக்குப் போய் வருவதே பெரும்பாடு. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயில் பொம்மசந்திரா வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரயிலில் இடம் கிடைப்பது இன்றைக்கும் குதிரைக்கொம்புதான். பஸ் கட்டணமோ அந்த நாட்களில் கேட்கவே வேண்டாம். வயதான பெற்றோரை உட்கார வைத்து இரவு முழுக்கக் கூட்டிப்போக முடியாத குடும்பங்கள், இப்படி வேனில் படுக்கை போட்டுக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. சினிமாக்காரர்களின் கேரவன் என்று நாம் வேடிக்கை பார்த்தது போய், கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. நம்மவர்களுக்கும் ஆசை வருவது இயல்பே.

அந்தத் தம்பியின் தேவை ஆசையும் அல்ல. அவருடைய தகப்பனாருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் கோளாறு. முகத்தில் மாட்டிக்கொள்ளும் சிறிய காற்று இயந்திரம் இல்லாமல் அவர் தூங்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆகவே கட்டிலுக்குப் பக்கத்தில் மின்சாரம் வேண்டும். நான் உடனே வயர்மேன் பெயரைச் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டு வாருங்கள், முதலில் பார்க்கிறேன்" என்றேன்.

பார்த்ததைச் சொல்கிறேன். பேட்டரி முன்பக்கம், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால். இன்வெர்ட்டர் மூன்று மீட்டர் தள்ளிக் கட்டிலுக்கு அடியில். நடுவில் 6 ஸ்கொயர் எம்.எம். வயர். பியூஸ் எங்கும் இல்லை. தகரத்தைத் துளைத்து வயர் போன இடத்தில் ரப்பர் புஷ் இல்லை. வயரின் மேல்தோல் பாதி அறுந்திருந்தது. முந்தைய பயணத்தில் கிருஷ்ணகிரி தாண்டி வண்டியை ஓரங்கட்டி, கட்டில் பக்கம் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வெந்நீர்க் கெட்டிலைச் செருகியபோது கருகல் வாடை வந்ததாம். அம்மா விழித்திருந்ததால் உடனே பிடுங்கிவிட்டார்களாம். "வயர் புதுசு சார், அதான் வாடை"ன்னு வேலை செய்தவர் சொன்னாராம்.

நிற்க. நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பணிக்காலத்தில் பெரும்பகுதியை 'டிரெயின் லைட்டிங்' என்று நாங்கள் சொல்லும் பிரிவில் கழித்தவன். தெற்கு ரயில்வேயில் தொடங்கி, 2003-ல் தென்மேற்கு ரயில்வே பிரிந்தபின் அதில் ஓய்வு பெற்றேன். சக்கரத்தின் மேல் படுக்கையறை என்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலை 1955-ல் தொடங்கியது. அங்கே செய்த தூங்கும் பெட்டிகளில் நம்மில் எத்தனை பேர் பிறந்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறோம்! அந்தப் பெட்டி ஒவ்வொன்றும் ஓடுகிற படுக்கையறைதானே? அதில் மின்சாரம் கொடுத்துப் பழகிய அனுபவத்தில், வேன் வைத்திருப்பவர்களுக்கு என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: படுக்கைக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டர் மின்சாரம் உடம்புக்குத் தேவையான ஒரு கருவிக்கு மட்டும் இருக்கட்டும், வசதிக்கான மற்றதெல்லாம் பேட்டரியின் நேர் மின்சாரத்தில் நடக்கட்டும், சூடாக்கும் எந்தக் கருவியும் அங்கே வேண்டாம்.

ஏன் என்று விளக்குகிறேன்.

பழைய ஐ.சி.எப். தூங்கும் பெட்டியில், சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு ஓர் ஆல்டர்னேட்டரைச் சுற்றுவோம். குளிர்சாதனம் இல்லாத பெட்டிக்கு அது 4.5 கிலோவாட். அதிலிருந்து வரும் 110 வோல்ட் டி.சி. மின்சாரம், பெட்டிக்குக் கீழே தொங்கும் 120 ஆம்பியர்-அவர் பேட்டரியை நிரப்பும். வண்டி நிலையத்தில் நிற்கும்போது விளக்கும் விசிறியும் அந்த பேட்டரியில்தான் ஓடும். கவனியுங்கள்: விளக்குக்கும் விசிறிக்கும் நடுவில் இன்வெர்ட்டர் கிடையாது. 110 வோல்ட்டிலேயே ஓடும் விசிறி, 110 வோல்ட்டிலேயே எரியும் விளக்கு. செல்போன் வந்தபின் பெட்டிக்குள் வைத்த பிளக் பாயிண்ட்டிலும் 110 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் மட்டுமே, குளிரூட்டும் இயந்திரத்துக்காக 25 கிலோவாட் ஆல்டர்னேட்டரும் பெரிய இன்வெர்ட்டரும் வைத்தோம். இப்போது ஓடும் எல்.எச்.பி. பெட்டிகளின் முறையே வேறு. அவற்றுக்கு ரயிலின் ஓரத்திலிருக்கும் ஜெனரேட்டர் பெட்டியிலிருந்தோ மின்சார இஞ்சினிலிருந்தோ 750 வோல்ட் வருகிறது.

மாற்றாமல் பயன்படுத்தக்கூடிய மின்சாரத்தை மாற்றாமலே பயன்படுத்து என்பதுதான் இதில் இருக்கும் பாடம். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அந்த 230-ஐ மறுபடி சார்ஜருக்குள் 5 வோல்ட் ஆக்கி செல்போனுக்குக் கொடுப்பது, குடத்துத் தண்ணீரை அண்டாவில் ஊற்றி அண்டாவிலிருந்து டம்ளரில் மொள்வது மாதிரி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிந்தும். வேனில் செல்போன், விளக்கு, சிறு விசிறி மூன்றுக்கும் 12 வோல்ட்டில் நேராக ஓடும் சாமான்கள் கடையில் கிடைக்கின்றன. யு.எஸ்.பி. சாக்கெட்டும் அப்படியே. இவற்றுக்கு இன்வெர்ட்டரைத் தொடவே வேண்டாம்.

அடுத்து ரயில்வே கசப்பாகக் கற்ற பாடம். 2013 டிசம்பர் 28 அதிகாலை, பெங்களூரிலிருந்து நாந்தேடு போன எக்ஸ்பிரஸின் மூன்றடுக்கு குளிர்சாதனப் பெட்டி, ஆந்திராவில் புட்டபர்த்திக்கு அருகே கொத்தசெருவுப் பக்கம் தீப்பிடித்தது. 26 பேர் இறந்தார்கள். நம் ஊரிலிருந்து முந்தின இரவு ஏறிப் படுத்தவர்கள். மற்ற விபத்துகளில் ஓடித் தப்பலாம். தூங்கும் பெட்டியில் தீ வந்தால், விழிப்பதற்குள் புகை மூச்சை அடைத்துவிடுகிறது. அதற்கடுத்த ஆண்டு, ரயில் பாதுகாப்பு ஆணையர் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயிண்ட்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடலாம் என்று பரிந்துரைத்தார். 2021 மார்ச்சில் மேற்கு ரயில்வே அதை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. மற்ற ரயில்வேக்களுக்கும் அதே உத்தரவு போனது.

பயணிகள் முணுமுணுத்தார்கள். எனக்கும் தெரிந்தவர்கள் கேட்டார்கள், "என்ன சார், ராத்திரிதானே சார்ஜ் போட வசதி?" என்று. ராத்திரி எல்லோரும் தூங்குகிறார்கள், பார்க்க ஆளில்லை. ஆகவே அந்த நேரத்தில் ஆபத்துக்கு இடம் கொடுக்காதே. இதைவிடச் சரியான காரணம் வேறு இல்லை. கெட்டிலுக்கு ரயிலில் தடை இருப்பதும் இதனால்தான். 2025 நவம்பரில் ஓடும் ரயிலில் ஒரு பெண்மணி கெட்டிலில் நூடுல்ஸ் வேகவைத்த காட்சி பரவியபோது, மத்திய ரயில்வே மறுபடியும் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

ஆனால் ரயில்வே விதியை அப்படியே வேனுக்குக் கொண்டுவர நான் சொல்லவில்லை. ரயிலில் முன்பின் தெரியாத எழுபது பேர். யார் எதைச் செருகுவார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் நிறுத்துகிறார்கள். அதில் மூச்சுக் கருவி வைத்திருக்கும் பெரியவருக்கு நஷ்டம்தான். சொந்த வேனில் யாருக்கு எது தேவை என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆகவே இரண்டு பாதையாகப் பிரித்துவிடலாம். கருவிக்கு ஒரு தனிப் பாதை, அது இரவு முழுக்க ஓடட்டும். மற்றதற்கு வேறு பாதை, படுக்கப் போகுமுன் ஒரே சுவிட்சில் நிறுத்திவிட வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பிளக் பாயிண்ட்டைப் பார்க்கும்போது நம் கண்ணுக்கு வீட்டுப் பாயிண்ட் மாதிரியே தெரிகிறது. பின்னால் இருக்கும் பேட்டரி 12 வோல்ட் என்பதை மறந்துவிடுகிறோம். வீட்டில் 800 வாட் கெட்டில் இழுப்பது மூன்றரை ஆம்பியர். அதே கெட்டிலை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, பேட்டரி வயரில் ஏறக்குறைய 75 ஆம்பியர் ஓடும். அந்தத் தம்பியின் வேனில் போக மூன்று, வர மூன்று என்று ஆறு மீட்டர் 6 ஸ்கொயர் எம்.எம். வயர். அந்த வயரிலேயே 1.3 வோல்ட் போய்விடும். ஏறக்குறைய 100 வாட் சூடு அந்த வயரில் மட்டும் உண்டாகும். பழைய காலத்து 100 வாட் குண்டு பல்பு ஒன்று மெத்தைக்கு அடியில் எரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாடை வந்தது புது வயரால் அல்ல.

சரி, அப்பாவின் கருவிக்கு எவ்வளவு வேண்டும்? ஈரப்பதம் ஊட்டும் சூடாக்கியை அணைத்துவிட்டால் 40 வாட் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 320 வாட்-அவர். இன்வெர்ட்டர் சும்மா இருப்பதற்கே 10 வாட் தின்னும். அது ஒரு 80. இழப்பு ஒரு 50. ஆக 450. சிறு விசிறி 20 வாட்டுக்கு ஓர் இரவுக்கு 160. நாலு செல்போனுக்கு 60. மொத்தம் 670. 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 1800 வாட்-அவர் இருப்பதாகக் கணக்கு. ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 900 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 670-க்கு 900 போதும். இந்தக் கணக்கில் கெட்டிலுக்கு இடமே இல்லை. மூச்சுக் கருவிகள் சிலவற்றுக்கு, தயாரிப்பாளரே 12 வோல்ட் அல்லது 24 வோல்ட் அடாப்டர் தருகிறார். அது கிடைத்தால் இன்வெர்ட்டரே வேண்டாம். முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும்.

வயரிங்கைப் பற்றி, வயர்மேனிடம் நின்று கேட்டு வாங்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அருகில் இருக்கட்டும். தூரமாகப் போவது 230 வோல்ட் வயராக இருக்கட்டும். அதில் ஆம்பியர் குறைவு. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் வேண்டும். அது டி.சி.க்கென்றே செய்த பியூஸாக இருக்க வேண்டும். வீட்டு மெயின் பெட்டியிலிருக்கும் எம்.சி.பி.யைக் கொண்டுவந்து மாட்டுவது தவறு. வீட்டு ஏ.சி. மின்சாரம் ஒரு நொடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போகிறது. தீப்பொறி அந்தக் கணத்தில் அணைந்துவிடும். டி.சி.க்கு அந்த ஓய்வு இல்லை, பொறி தொடர்ந்து எரியும்.

ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம், பல இழை வயர் போடுங்கள். ஓடும் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். ஒற்றைக் கம்பி முறியும், முறுக்கிச் சுற்றிய முனை தளரும். லக் போட்டு அழுத்திப் பிடிக்க வேண்டும். தகரத்தைத் தாண்டும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் புஷ். என் பணிக்காலத்தில் வயர் அறுந்து பார்த்த இடங்கள் பெரும்பாலும் இப்படி உராய்ந்த இடங்களே.

வெளியில் உறவினர் வீட்டில் நிறுத்தி, அங்கிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளும் வசதி வைத்தால், வெளி மின்சாரமும் இன்வெர்ட்டரும் ஒரே பாயிண்ட்டில் சந்திக்கவே கூடாது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டு, இது இருந்தால் அது இல்லை என்று ஆக்குங்கள். பேட்டரி சார்ஜரை இன்வெர்ட்டர் பாதையில் சேர்த்துவிடாதீர்கள். பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்ட, இன்வெர்ட்டர் சார்ஜரை ஓட்ட, சார்ஜர் அதே பேட்டரியை நிரப்பப் பார்க்கும். காலையில் பேட்டரி காலியாக இருக்கும். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று வையுங்கள். ஆனால் இன்வெர்ட்டர் தயாரிப்பாளர் சொல்லும்படி நியூட்ரலையும் எர்த்தையும் அமைக்காவிட்டால் அது வேலை செய்யாமல் போகலாம். தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது எரியும் வாயுவை வெளியிடும். அதைப் படுக்கும் இடத்தில் மூடி வைக்கக் கூடாது.

"இவ்வளவு தொல்லைக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கிக்கொள்ளலாமே" என்று சிலர் சொல்வார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டம் வடகராவில், சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று பின்னர் ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்குவதிலும் இதே ஆபத்து உண்டு. ஆகவே இரவில் பேட்டரியும் இன்வெர்ட்டருமே நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தேவையைச் சின்னதாக வைத்துக்கொண்டால்தான் பேட்டரி போதும். தேவையைப் பெருக்கினால், ஒரு நாள் ஜெனரேட்டரிடம்தான் போய் நிற்போம்.

இன்னொரு விஷயம். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இருக்கையைக் கழற்றிக் கட்டில் போட்டவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி விசாரித்துவிடுங்கள். விபத்து நேர்ந்தபின் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

வேன் இல்லாதவர்கள், இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஹெப்பகோடியிலும் சந்தாபுராவிலும் நம் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. படுக்கையறைப் பாயிண்ட்டையும் அதில் சேர்க்கச் சொன்னால், வரும் வயர்மேன் பேஸ் வயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, நியூட்ரலைப் பக்கத்துப் பாயிண்ட்டிலிருந்து எடுத்துவிட்டுப் போவதைப் பார்க்கிறேன். இன்வெர்ட்டர் பாயிண்ட்டுக்குப் பேஸும் நியூட்ரலும் தனியாக வர வேண்டும். அது 6 ஆம்பியர் பாயிண்ட்டாகவே இருக்க வேண்டும்.

"இத்தனை வருஷமா எத்தனையோ வண்டி ஓடுது, ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சு என் காதில் விழாமல் இல்லை. ரயில்வேயிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஒன்றும் ஆகாத வண்டிகளில் பலவற்றில், அந்தத் தம்பியின் வீட்டில்போல யாரோ ஓர் அம்மா விழித்திருந்திருப்பார். வயரிங் சரியாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. வீட்டில் ஒருவர் விழித்திருந்து காவல் காக்க வேண்டிய நிலையில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்குமானால், அந்தப் பாயிண்ட் வேண்டாம்.

அந்தத் தம்பியின் வேன் கதை நல்லபடியாக முடிந்தது. கருவிக்கு 12 வோல்ட் அடாப்டரை வரவழைத்தார். இன்வெர்ட்டரை முன்பக்கம் பேட்டரிக்கு அருகில் மாற்றி, பியூஸ் போட்டு, அடாப்டர் பழுதானால் உதவ ஒரே ஒரு பாயிண்ட்டைக் கட்டில் பக்கம் வைத்தோம். இரண்டு கேட்டவருக்கு ஒன்றுதான் கிடைத்தது. அவர் கொஞ்சம் தயங்கினார். பெரியவர்தான், "ரயில்வேக்காரர் சொல்றார்ல, கேளுடே. காப்பி வழியில குடிச்சுக்கலாம்" என்று முடித்துவைத்தார்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இப்படிப் படுக்கை போட்ட வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் வண்டியைக் கொண்டுவந்தால், என்னைப்போல் மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாலு பேர் சேர்ந்து வயரிங்கைப் பார்த்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். காசு வேண்டாம், ஒரு காபி போதும். ஒரு வண்டிக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த வண்டியில் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேரப்போவது நம் அப்பா அம்மாவும் நம் பேரப்பிள்ளைகளும் என்பதை நினைத்தால், அரை மணி நேரம் பெரிதல்ல.



— ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர், பொம்மசந்திரா